கையெழுத்து மட்டும்

பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஓர் ஆணி தலை தூக்கி நிற்கிறது. தள்ளி உட்காரலாம். பக்கத்தில் அழகம்மாள் வைத்திருக்கும் கட்டைப்பையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் போதும். சொல்லவில்லை. பத்தரை மணியிலிருந்து ஆணி படாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். இடது தொடை மரத்துவிட்டது. அதுவும் நல்லதுதான், மரத்த பிறகு ஒன்றும் தெரிவதில்லை. கையில் இரண்டாக மடித்த தாள். காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஏட்டு தவமணி கொடுத்தது. நான் போலீசில் சொன்ன வாக்குமூலத்தின் நகல். நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் தாளில் நான் சொல்லியிருக்கிறேன். நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். பி.ஏ. படித்துள்ளேன். இதுவரை உண்மை. ஆகஸ்ட் மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை சுமார் ஐந்தரை மணிக்கு எதிரி வெள்ளைப்பாண்டி போலீசாரையும் எங்களையும் அழைத்துச் சென்று, தன் வீட்டின் பின்புறம் உள்ள சோளத்தட்டைப் போருக்கு அடியிலிருந்து கறுப்பு நிற மோட்டார் கேபிள் ஒயரை எடுத்து ஆஜர் செய்தார். இந்த இடத்தில் உண்மை முடிந்துவிடுகிறது. எந்தச் சொல்லில் முடிகிறது என்று தேடிப் பார்க்கிறேன். படித்துள்ளேன் என்பதற்குப் பிறகு வரும் முற்றுப்புள்ளியில் முடிகிறது. அந்தப் புள்ளியைத் தாண்டி நான் சோளத்தட்டைப் போரை நோக்கி நடக்கிறேன். பதினேழு தடவை படித்துவிட்டேன், பதினேழு தடவையும் நடந்திருக்கிறேன்.

அழகம்மாள்தான் ஒயரைப் பறிகொடுத்தவர். கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள், நாற்பது மீட்டர். ஒயர் திருட்டுப் போன வாரத்தில் மிளகாய்ச் செடி வாடிப்போனதாகக் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். முதல் தகவல் அறிக்கை அவர் பேரில்தான் இருக்கிறது. அறிக்கை என்றால் என்ன என்று கேட்டார். குற்றம் நடந்ததாகப் போலீசுக்கு முதன்முதலில் வருகிற தகவலை எழுதி வைப்பது என்று சொன்னேன். அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்தது அப்படியே வந்தது. பிறகு குற்றப்பத்திரிகை என்றால் என்ன என்று கேட்டார், அதையும் சொன்னேன். வாய்தா என்றால் என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ஏழு வாய்தாவுக்கு வந்துவிட்டார், அது அவருக்குத் தெரியும். "அவனை எதிரி எதிரின்னே எழுதியிருக்காங்களே தம்பி, எனக்கும் அவனுக்கும் ஒரு பகையும் கிடையாது. என் மோட்டார் எரிஞ்சுபோனா அவன்தான் காயில் கட்டித் தருவான்" என்றார். கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள் என்றேன். "அப்ப நீ யாரு?" என்றார். அரசு தரப்பு சாட்சி என்றேன். இரண்டாவது சாட்சி. மகஜர் சாட்சி. போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது, இன்ன இடத்தில் இன்ன பொருள் இன்னார் எடுத்துக் கொடுத்தார் என்று எழுதும் தாளுக்கு மகஜர் என்று பெயர். அதில் நேரில் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், நான் போட்டிருக்கிறேன். "அப்ப நீ பார்த்திருக்க" என்றார் அழகம்மாள், நிம்மதியாக. நான் தலையை ஆட்டவில்லை. ஆட்டியது போல் அவர் எடுத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இப்போது தாளும் கொய்யாவும் கையில் இருக்கின்றன. ஒயரின் ஒட்டுப் போட்ட இடத்தில் தன் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்ததாகவும், எங்கே பார்த்தாலும் தன் ஒயரை அடையாளம் தெரியும் என்றும் சொன்னார். அவர் சொன்ன உடனே, என் தலைக்குள் வெள்ளைப்பாண்டி இழுக்கும் கறுப்பு ஒயரின் நடுவில் மஞ்சள் துணி வந்துவிட்டது. அதற்கு முன் அது இல்லை.

இதுதான் பயமாக இருக்கிறது. பயம் என்று சொல்கிறேன், ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, வியர்க்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சத்தம் போடுவது போல் அது எங்கோ இருக்கிறது. படிக்கப் படிக்க நான் அங்கே இருந்ததாகவே ஆகிக்கொண்டிருக்கிறேன். வெயில் சாய்ந்திருக்கிறது. சோளத்தட்டையில் தூசி. வெள்ளைப்பாண்டி ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார், முன்னால் போகிறார், குனிகிறார். தட்டையை அவர் விலக்கும்போது ஒரு கோழி கத்திக்கொண்டு வெளியே ஓடுகிறது. செந்நிறக் கோழி. கோழி தாளில் இல்லை. கோழியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கொண்டுவந்து விட்டிருக்கிறேன். குறுக்கு விசாரணையில் எதிரியின் வக்கீல் என்னைக் கேட்டால், நான் கோழியைச் சொல்வேன், எல்லாரும் நம்புவார்கள், கோழியைப் பற்றி யார் பொய் சொல்லப் போகிறார்கள். நானும் நம்புவேன். உண்மையாகவே நடந்ததை நினைத்துப் பார்த்தால் அதில் இத்தனை வெளிச்சம் இல்லை. ஸ்டேஷனில் ஒரு மேஜை, அதன்மேல் நீல ரெக்சின், ஓரத்தில் யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். நான் அங்கே போனது என் கடைசி செமஸ்டர் மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்ததற்காக. பஸ்ஸில் மடியில் வைத்திருந்த ஃபைல் இறங்கும்போது கையில் இல்லை. தொலைந்தது, தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் ஒரு சான்று கொடுத்தால்தான் பல்கலைக்கழகத்தில் நகல் கொடுப்பார்கள். நான்கு நாள் அலைந்தேன். நாளை வா, ஐயா இல்லை, நாளை வா. ஐந்தாம் நாள் ஏட்டு தவமணி என்னை உட்காரச் சொன்னார். எழுந்து நிற்காமல் உட்கார்ந்து பேசலாம் என்று ஸ்டேஷனில் என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். "டிகிரி முடிச்சிருக்கியா? உங்க தெருவுல யாரும் இல்லையேப்பா அப்படி" என்றார். நான்தான் முதல் ஆள் என்றேன். சந்தோஷமாக இருந்தது. சான்றை எழுதி முத்திரை வைத்துவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு தாள்கட்டை என் பக்கம் தள்ளினார். மேல்பகுதி மடித்து வைத்திருந்தது. கீழே மட்டும் இடம் தெரிந்தது. "படிச்ச பிள்ளை ஒரு கையெழுத்துப் போடு. சாட்சிக்கு ஆள் கிடைக்கல. கைநாட்டுக்காரனைக் கொண்டுபோய் நிறுத்தினா கோர்ட்டுல சிரிக்கிறாங்க."

போட்டேன். மொத்தம் நான்கு இடம், நான்காவது ஒரு வெற்றுப் பழுப்பு அட்டை. கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பெயரை முழுதாக எழுதி, பி.ஏ. என்றும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அது எனக்குப் பழக்கம். எங்கள் தெருவில் பாங்கில் படிவம் நிரப்ப, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, மனுவுக்குச் சாட்சி போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாராவது ஒரு தாளை நீட்டினால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். படிவத்தை மேலிருந்து படித்தால், "என்னப்பா எங்களை நம்ப மாட்டியா" என்று அவர்கள் முகம் சுண்டிப்போகும், அதனால் படிக்காமல் போடப் பழகியிருந்தேன். மூன்று வருஷம் கல்லூரியில் படித்து வந்து, தெருவுக்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். அப்பா கைநாட்டு. கைநாட்டு வைப்பதற்கு முன் அவர் எதிரில் இருப்பவனிடம் முழுதையும் வாசிக்கச் சொல்லுவார், இரண்டு முறை. நான் சின்ன வயதில் அதைப் பார்த்துக் கூச்சப்பட்டிருக்கிறேன்.

உள்ளிருந்து டவாலி கூப்பிடுகிறார், அழகம்மாள், அழகம்மாள், அழகம்மாள். மூன்று முறை, இங்கேயே உட்கார்ந்திருப்பவரை ஏதோ மலைக்கு அப்பால் இருப்பவரைப் போல. அவர் பையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறார். கோர்ட்டுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் போய்விட்டார். செருப்பு இரண்டும் என் காலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, ஒன்றில் வார் அறுந்து சணலால் கட்டியிருக்கிறது. அடுத்தது நான். ஏட்டு தவமணி வந்து அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறார். நெருக்கத்தில் அவர் மேல் விபூதி வாசனை. தாளைப் படித்துவிட்டாயா என்று கேட்கிறார், படித்துவிட்டேன் என்கிறேன். இன்னொரு சாட்சியான தலையாரி போன மாதம் செத்துப்போனதை மறுபடி சொல்கிறார். இருந்திருந்தால் அவரே பேசிவிடுவார், முப்பது வருஷம் சாட்சி சொன்ன ஆள், இப்போது நீ ஒருத்தன்தான். பிறகு, அதே குரலில், வேறொன்று. "உன் வெரிஃபிகேஷன் ஃபாரம் வந்திருக்கு தம்பி. நம்ம டேபிள்லதான் இருக்கு. இன்னைக்கு முடிஞ்சதும் எழுதி அனுப்பிடுறேன்." அவர் மிரட்டவில்லை. மிரட்டினால் எனக்குத் தெரியும். உண்மையாகவே எழுதி அனுப்பத்தான் நினைக்கிறார், நான் பரீட்சையில் தேறியதை ஸ்டேஷன் முழுக்கச் சொன்னவர் அவர். இளநிலை உதவியாளர் வேலை. உத்தரவு வருவதற்கு முன் நன்னடத்தை பற்றிப் போலீஸ் எழுத வேண்டும். இவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா, இவரது நடத்தை எப்படி. எப்படி என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுத மட்டும் இடம் இருக்கும். அப்பா நேற்றுச் சாப்பிடும்போது, அவங்க சொன்னதைச் சொல்லிட்டு வந்துடு என்று மட்டும் சொன்னார். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் இந்த அத்தியாயம் பதினொரு பக்கம். அடிப்படைச் சொற்களும் கருத்துகளும். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதல்ல, ஆனால் அதன் விளைவாக ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கத்தக்கது. இதை மஞ்சள் கலரில் கோடு போட்டுப் படித்தேன், இரண்டு மதிப்பெண். அந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டதைப் பார்த்த ஆள் நான் என்பது படிக்கும்போது எனக்குத் தெரியாது. சம்மன் வந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளைப்பாண்டி திருடினேன் என்று சொன்னதாகப் போலீஸ் எழுதியதெல்லாம் செல்லாது. செல்லுவது சோளத்தட்டைக்கு அடியில் ஒயர் இருந்தது என்பது மட்டும், அதைச் சொல்ல உலகத்தில் போலீசைத் தவிர இருப்பவன் நான் மட்டும். அரசு தரப்பு சாட்சி அரசு தரப்புக்கு எதிராகச் சொன்னால் பிறழ் சாட்சி. அதுவும் இரண்டு மதிப்பெண். புத்தகத்தில் பிறழ் சாட்சிக்கு அப்புறம் என்ன ஆகும் என்று இல்லை, அவன் எந்தப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான், அவன் ஃபாரம் எந்த மேஜையில் கிடந்தது என்று இல்லை. அடுத்த தலைப்பு பிணை. ஒருவேளை வெள்ளைப்பாண்டி எடுத்திருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. அவர் மோட்டார் பழுது பார்ப்பவர், எந்தக் கிணற்றில் எத்தனை மீட்டர் ஒயர் என்று அவருக்குத் தெரியும். எடுத்திருந்தால், நான் பார்த்தேன் என்று சொல்வது நடந்ததைத்தான் சொல்வதாகும், பார்த்த ஆள் மட்டும் வேறு. இந்த எண்ணம் நல்ல மெத்தை மாதிரி இருக்கிறது. அதில் சாய்கிறேன், சாயும்போது கோழி ஓடுகிறது, மஞ்சள் துணி, தூசி. அப்புறம் மெத்தைக்கு அடியில் ஏதோ குத்துகிறது.

குத்துவது ஒரு கேள்வி. கோழி மாதிரி அல்ல, இதை நான் கொண்டுவந்து விடவில்லை, இது எப்போதும் அதே இடத்தில் கிடக்கிறது. மூன்றாவது கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரோரம் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. தெரு முழுக்கத் தெரிந்த ஆள், ஆனால் சட்டை இல்லாமல் தரையில் பார்த்ததும் யாரென்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. ஏட்டு வேறு ஏதோ தாளுக்கு முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார். "மணி என்ன தம்பி?" என்று வெள்ளைப்பாண்டி கேட்டார். டீக்கடையில் கேட்பது போலத்தான் கேட்டார். போனை எடுத்துப் பார்த்து, பதினொன்னு இருபது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ கணக்குப் போடுவது போல வாசலைப் பார்த்தார். யாராவது சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று நினைத்திருக்கலாம். அவ்வளவுதான். அன்று மாலை ஐந்தரை மணிக்கு நான், மறுநாள் காலையில் மனு கொடுக்க, பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில், சான்றைப் பத்து நகல் எடுத்து, இந்தமுறை ஃபைலை மார்போடு கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். மாலை ஐந்தரைக்குத் தாளில் வெள்ளைப்பாண்டி எங்களை அழைத்துப் போகிறார். காலை பதினொன்று இருபதுக்கு அவர் என்னிடம் மணி கேட்கிறார், நான் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் நடக்காததற்கு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இங்கேதான் வந்து முட்டுகிறேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். எங்கள் இருவருக்குள் நடந்த ஒரே பேச்சு அதுதான், அதில் இருவரும் பொய் சொல்லவில்லை.

சோலைராஜ். அது நான். சோலைராஜ், சோலைராஜ். எழுந்திருக்கும்போது இடது கால் என்னுடையதாக இல்லை. கொய்யாவை அழகம்மாளின் பையில் போடுகிறேன். தாளை ஏட்டு என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார், அதை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். மரத்த காலை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன், வெள்ளைப்பாண்டி மாதிரி. உள்ளே நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. மேலே நடுவர், ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். கீழே தட்டச்சு செய்பவர். கூண்டு என்று சொல்கிறார்கள், இடுப்பளவு மரச்சட்டம், பிடித்துப் பிடித்து வழவழப்பாக இருக்கிறது. எதிர்ப்பக்கம் வெள்ளைப்பாண்டி, இன்று சட்டை போட்டிருக்கிறார், காலர் பொத்தான்வரை. சாட்சி சொல்லி முடித்த அழகம்மாள் கடைசி வரிசையில், வெறுங்காலை உள்ளிழுத்துக்கொண்டு. மேஜையில் ஒரு சாக்கு, வாய் பிரித்து வைத்திருக்கிறது. உள்ளே சுருள். அதில் பழுப்புத்தாள் அட்டை கட்டி, அட்டையில் என் கையெழுத்து, பி.ஏ. ஒயரை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். மஞ்சள் துணி இருக்கிறது, ஆனால் நான் நினைத்த மஞ்சள் இல்லை. வெளுத்து, கிட்டத்தட்ட சாம்பல் நிறம். கடவுள் அறிய நான் சொல்வது உண்மை என்று சொல்லச் சொல்கிறார்கள், சொல்கிறேன். அரசு வக்கீல் மகஜரைக் காட்டி இந்தக் கையெழுத்து யாருடையது என்கிறார். என்னுடையது. எதிரியைத் தெரியுமா? தெரியும். பன்னிரண்டாம் தேதி மாலை எங்கே இருந்தீர்கள்? பழகிய கேள்வி, பழகிய பதில், நான் முற்றுப்புள்ளியில் நிற்கிறேன், தாண்டினால் வெயில் சாய்ந்திருக்கும், கோழி தயாராக இருக்கிறது. வெள்ளைப்பாண்டி என்னைப் பார்க்கவில்லை. எதற்கோ காத்திருப்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பஸ்ல இருந்தேன்" என்கிறேன். அரசு வக்கீல் கேள்வியைத் திரும்பக் கேட்கிறார், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, மெதுவாக. "கையெழுத்து ஸ்டேஷன்ல வச்சுப் போட்டேன். காலையில." நடுவர் அம்மா தலையைத் தூக்குகிறார். காலையில் என்றால் எத்தனை மணி என்று அவரே கேட்கிறார். பதினொன்று இருபது. அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? "அவர் மணி கேட்டார். போனைப் பார்த்துச் சொன்னேன்." யார்? கையை நீட்டிக் காட்ட மனம் வரவில்லை. "வெள்ளைப்பாண்டி அண்ணன். அங்க தரையில உக்காந்திருந்தார்." இப்போது அவர் என்னைப் பார்க்கிறார். நன்றி ஒன்றும் இல்லை அதில், யாரென்று தெரியாத ஆளை ஞாபகப்படுத்திக்கொள்ளும் பார்வை. நடுவர் என் பேச்சை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சுக்காரருக்குச் சொல்லிக்கொண்டே போகிறார், கைப்பற்றியதை நான் நேரில் பார்க்கவில்லை, மகஜரில் உள்ள சங்கதிகள் எனக்குத் தெரியாது. என் குரல் இதைவிடச் சின்னதாக இருந்தது. அரசு வக்கீல் இந்தச் சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கிறார். கோபம் இல்லாமல், மழை வந்தால் குடை விரிப்பது போல. எதிரிக்கு உதவும் பொருட்டுப் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல என்று என் மறுப்பு எழுதப்படுகிறது. போலீசார் முன்னிலையில் மாலை ஐந்தரை மணிக்கு எல்லாவற்றையும் பார்த்தேன் என்றால் சரியல்ல. படித்த நான் படிக்காமலா கையெழுத்துப் போட்டேன்? ஆமாம். எழுதிக்கொள்கிறார்கள். எதிரியின் வக்கீல் எழுந்து, கேள்வி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்காருகிறார். கடைசியில் மகஜரைச் சான்றாவணமாகக் குறிக்கிறார்கள். அதில் எழுதியிருப்பது என் மூலமாக நிரூபணம் ஆகவில்லை. கையெழுத்து மட்டும் என்று நடுவர் சொல்கிறார். கையெழுத்து மட்டும் என்று தட்டச்சு ஆகிறது. வாக்குமூலத்தில் ஒப்பமிடச் சொல்லிக் குமாஸ்தா தாளை நீட்டுகிறார். கை பேனாவைத் தேடுகிறது. மேலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன். "சீக்கிரம் தம்பி, அடுத்த கேஸ் இருக்கு" என்கிறார். முழுதையும் படிக்கிறேன், இரண்டு முறை. அதுவரை கோர்ட் நிற்கிறது. போடும்போது பி.ஏ. எழுதவில்லை.

வெளியே வந்தால் அழகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார், சணல் கட்டியதை முதலில். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல, "அப்ப என் ஒயரை எடுத்தது யாரு?" என்றார். தெரியாதும்மா என்றேன். ஒயரை எப்போது தருவார்கள் என்று கேட்டார். வழக்கு முடிந்த பிறகு என்றேன். அது எனக்குத் தெரியும். ஏட்டு தவமணி தூணோரம் நின்று என்னிடம் வாங்கிய தாளை நான்காக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் வைத்தார். "சாப்டுட்டுப் போ. கடைசி பஸ் இல்ல ஒண்ணும், அவசரம் இல்ல" என்றார். ஃபாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் யாரோ புது ஆள் வந்து என் இடத்தில் உட்கார்ந்து, உடனே துள்ளி எழுந்து, ஆணியைத் திட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். கோர்ட்டுக்குள் போவதற்காக அணைத்து வைத்த போனைப் போட்டேன். அது மெதுவாக வெளிச்சம் வந்து, அதிர்ந்து, கடைசியில் மணி காட்டியது. பன்னிரண்டு ஐந்து. வெள்ளைப்பாண்டி படியிறங்கி, காலை இழுத்து இழுத்து, என்னைக் கடந்து போனார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் கேட்கவில்லை.